சைனஸ் ஆபரேஷன் முடிந்தாலும் மருந்து முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி, "பல வருடமாக சைனஸ் தொல்லை. ஆபரேஷன் செய்துகொண்டால் நிரந்தரமாகச் சரியாகிவிடுமா, திரும்பவும் வருமா?" என்று கேட்டிருந்தார். இப்போதைய எண்டோஸ்கோப்பி முறையில் நல்ல பலன் கிடைக்கும், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்திருந்தது. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 'திரும்ப வருமா' என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எங்கள் ஊரில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறவர்கள் கேட்பதும் இதே கேள்விதான். அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி காது மூக்கு தொண்டை வார்டிலும் அதன் தியேட்டரிலும் போனது. இப்போது வேடசந்தூரில் இருக்கிறேன். சுற்றிலும் நூற்பு மில்கள். மூக்கடைப்பும் தும்மலும் இல்லாத வீடு இங்கே குறைவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட சைனஸ் என்பது சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி கூடவே இருக்கும் வியாதி. மூக்கின் உள்தோல் வீங்கிக்கொண்டே இருப்பதுதான் பலருக்கு மூலகாரணம். ஆபரேஷன் அடைப்பை எடுத்து வழியைத் திறந்துவிடுகிறது. வீங்குகிற குணத்தை அது மாற்றுவதில்லை. அந்தத் திறந்த வழியாக உப்புத் தண்ணீரும் ஸ்ப்ரே மருந்தும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் செய்த ஆபரேஷன் நிலைக்கும். இதை நோயாளிக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. தையல் பிரித்தால் முடிந்தது என்று நினைத்துப் போகிறார்கள், இரண்டு வருடத்தில் மறுபடி அடைத்துக்கொண்டதும் "அந்த டாக்டர் சரியாகச் செய்யவில்லை" என்று வேறு மருத்துவமனைக்குப் போகிறார்கள். இத்தனைக்கும் இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் வெளியே தையலே இருக்காது.

சரி, எது நாள்பட்ட சைனஸ்? ஜலதோஷம் பிடித்து ஒரு வாரம், பத்து நாள் மூக்கு ஒழுகுவது அல்ல. அது பெரும்பாலும் வைரஸ் வேலை, தானாகவே அடங்கும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. 12 வாரத்துக்கு மேல் விடாமல் தொல்லை இருக்க வேண்டும். மூக்கடைப்பு, மூக்கிலோ தொண்டையிலோ கெட்டியாகச் சளி இறங்குவது, முகத்தில் வலி அல்லது பாரம், வாசனை குறைவது: இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். அதோடு ஸ்கோப் விட்டுப் பார்த்தாலோ சி.டி. ஸ்கேன் எடுத்தாலோ அதற்கான அடையாளம் தெரிய வேண்டும். வெறும் தலைவலியை வைத்துக்கொண்டு "எனக்கு சைனஸ்" என்று சொல்வதுதான் நம் ஊரில் அதிகம். மூக்கில் ஒன்றும் இல்லாமல் நெற்றியும் கண்ணும் மட்டும் வலித்தால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி வகை. அமெரிக்காவில் தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை முறையாகப் பரிசோதித்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. எங்கள் தெருவில் ஒரு பேருந்து ஓட்டுநர் தம்பி வெயிலில் வண்டி ஓட்டிவிட்டு வந்தால் பாதி நெற்றி பிளக்கிறது, வெளிச்சம் ஆகவில்லை, வாந்தி வருகிறது என்று வருடக்கணக்கில் சைனஸ் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு சி.டி. ஸ்கேன் சுத்தமாக இருந்தது. நரம்பு மருத்துவர் கொடுத்த மாத்திரையில் இப்போது நன்றாக இருக்கிறார். அவருக்கு யாராவது மூக்கு ஆபரேஷன் செய்திருந்தால் வலி அப்படியேதான் இருந்திருக்கும்.

சைனஸ் என்பது எல்லோருக்கும் இருக்கிற காற்றறை. கன்னத்தில், கண்ணுக்கு இடையில், நெற்றியில், உள்ளே ஆழத்தில் என்று பக்கத்துக்கு நான்கு வகை. கன்னத்து அறைதான் பெரியது, பெரியவர்களுக்குச் சுமார் 15 மில்லி கொள்ளும். அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. அப்படியானால் சளி எப்படி வெளியே வருகிறது? உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை ஒரே திசையில் அசைந்து அசைந்து சளியை மேலே இருக்கிற அந்த வாசலுக்கே தள்ளிக்கொண்டு போகும். இதை நாங்கள் வார்டில் கண்கூடாகப் பார்ப்போம். சாக்கரின் துணுக்கு ஒன்றை, கடுகளவுகூட வேண்டாம், மூக்கின் உள்ளே முன்பக்கச் சதைமடிப்பின் மேல் வைத்துவிட்டு நோயாளியைத் தும்மாமல், உறிஞ்சாமல், அசையாமல் உட்காரச் சொல்வோம். கையில் கடிகாரத்தோடு நான் எதிரில் நிற்பேன். நன்றாக இருக்கிற மூக்கு என்றால் இருபது நிமிடத்துக்குள் "சிஸ்டர், தொண்டை இனிக்குது" என்பார்கள். நாள்பட்ட சைனஸ்காரர்கள் அரை மணி தாண்டியும் வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள். மயிர்கள் ஓய்ந்துபோய்விட்டன என்று பொருள்.

இதைப் புரிந்துகொண்டால் பழைய ஆபரேஷன் ஏன் பலருக்குப் பலிக்கவில்லை என்பதும் புரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கன்னத்து அறையைக் கழுவிவிடுவது தினசரி வேலை. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்குக்குள் மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, கீழ்ச் சதைமடிப்புக்கு அடியில் எலும்பைத் துளைக்கிற ஊசியைச் செலுத்துவார்கள். எலும்பு விரியும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எனக்கே கேட்கும் என்றால், தலைக்குள் கேட்கிற அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நான் மோவாய்க்குக் கீழே கிட்னி ட்ரே என்கிற வளைந்த தட்டைப் பிடித்துக்கொள்வேன். ரப்பர் பம்பை அழுத்தியதும் வெதுவெதுப்பான உப்புநீரோடு சீழ் கட்டிகட்டியாக வந்து விழும். அன்றைக்கு முகம் லேசாகிவிடும், கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சில வாரத்தில் மறுபடி வருவார்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் மேல் உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே வெட்டி, கன்னத்து எலும்பில் ஓட்டை போட்டு உள்ளே இருக்கிற தோலை மொத்தமாகச் சுரண்டி எடுப்பார்கள். நியூயார்க்கின் ஜார்ஜ் கால்டுவெல் 1893-இலும், பாரிஸின் ஹென்றி லுக் 1897-இலும் தனித்தனியாக எழுதிய முறை, இருவர் பெயரிலும் கால்டுவெல்-லுக் ஆபரேஷன் என்றே சொல்வோம். கன்னம் வீங்கிப் பந்தாகிவிடும். பல்லும் உதடும் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும், சிலருக்கு அது போகவே போகாது. சளி இறங்குவதற்கென்று மூக்கின் கீழ்ப்பகுதியில் புதிதாக ஒரு வாசலும் திறந்துவிடுவார்கள். ஆனால் நுண்மயிர்கள் அந்தப் புது வாசலைக் கண்டுகொள்வதில்லை. பிறவியில் இருந்த மேல் வாசலுக்குத்தான் சளியைக் கொண்டுபோகும்.

இதை ஸ்கோப் வைத்துப் பொறுமையாகப் பார்த்து எழுதியவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஹாப்கின்ஸ் கண்டுபிடித்த கண்ணாடித் தண்டு வில்லை இல்லாமல் மூக்குக்குள் அவ்வளவு தெளிவாக யாரும் பார்த்திருக்க முடியாது. இயற்கையான வாசலில் இருக்கும் அடைப்பை மட்டும் நீக்கினால் போதும், உள்தோலைச் சுரண்ட வேண்டாம், அது தானே தேறிவிடும் என்பதுதான் அவர் கண்டது. அவரோடு இருந்த ஸ்டாம்பெர்கரும், அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் 1980-களில் இதை உலகம் முழுவதும் கொண்டுபோனார்கள். இன்று எல்லா ஊரிலும் 'ஃபெஸ்' என்று சொல்கிற ஆபரேஷன் அதுதான். எங்கள் தியேட்டருக்கு அந்த ஸ்கோப் வந்த பிறகு, கன்னம் வீங்கிய நோயாளிகளை வார்டில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அந்த மாற்றத்தைக் கூடவே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஆபரேஷனைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. என் வருத்தம் அதற்கு முன்னாலும் பின்னாலும் நடக்காமல் விடுபடுகிறவற்றைப் பற்றியது.

முன்னால் நடக்க வேண்டியது மருந்து. அதில் முதலிடம் உப்புநீர் கழுவலுக்கு. விலை இல்லாத மருந்து என்பதால் மதிப்பும் இல்லாமல் போய்விட்டது. ஜலநேதி என்று யோகாசன வகுப்பில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீருக்குக் கால் டீஸ்பூனுக்கு ஒரு பிசிறு கூடுதலாகத் தூள் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வாஷ்பேசின் முன்னால் குனிந்து, வாயைத் திறந்து வைத்து மூச்சு விட்டுக்கொண்டே, ஒரு மூக்குத்துளையில் அழுத்துப் புட்டியாலோ பெரிய சிரிஞ்சாலோ மெதுவாக விட்டால் மற்றத் துளை வழியாக வெளியே வரும். வெறும் தண்ணீரை விட்டால் எரியும், உப்பு சரியாக இருந்தால் எரியாது. எரிகிறது என்று ஒரே நாளில் விட்டுவிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது உப்பு எவ்வளவு போட்டீர்கள் என்பதைத்தான்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒரு சமாதானமும் கிடையாது. குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், தொட்டித் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக்கூடாது. தளதளவென்று குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றியதுதான் வேண்டும். எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானல் போல உயரத்தில் இருக்கிறவர்கள் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும், மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். காரணம், நேக்ளேரியா என்ற ஓர் அமீபா. அது இருக்கிற தண்ணீரைக் குடித்தால் அதனால் மூளைக்கு ஆபத்து வருவதில்லை, மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடும். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர் இறந்துபோனார்கள். பக்கத்துக் கேரளத்தில் 2024-இல் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். மிக மிக அபூர்வமாக வருவதுதான், வந்தால் பிழைப்பது கடினம். அடுப்பைப் பற்ற வைத்தால் தீர்ந்துவிடும் ஆபத்து இது. கழுவும் புட்டியையும் அவ்வப்போது கொதிநீரில் அலசிக் காய வையுங்கள்.

அடுத்தது ஸ்ப்ரே. இங்கேதான் பெரிய குழப்பம். மருந்துக்கடையில் மூக்கு ஸ்ப்ரே என்று கேட்டால் இரண்டு வேறு வகைச் சரக்குகள் இருக்கின்றன. ஒன்று ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகை. விட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும், அதனால்தான் மக்களுக்கு அதன் மேல் நம்பிக்கை. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்து தேயத்தேய முன்னைவிட மோசமாக அடைக்கும். அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் விடுகிற அம்மாக்களை ஓ.பி.யில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன், புடெசொனைடு வகை. இது ஸ்டீராய்டு ஸ்ப்ரே. இன்று விட்டால் இன்று ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் தினமும் விட்டால்தான் வீக்கம் வடியும். "இது வேலை செய்யலை நர்சம்மா" என்று நாலாம் நாள் தூக்கிப் போடுவது இதைத்தான். போட வேண்டிய மருந்தை நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டிய மருந்தை வருடக்கணக்கில் போடுகிறோம்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் ஒரு பயம் வருகிறது, 2021-க்குப் பிறகு அது இன்னும் கூடிவிட்டது. கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை வந்து, கண்ணை எடுத்து, மேல்தாடையை எடுத்துப் பிழைத்தவர்களை எங்கள் பிரிவு பார்த்தது. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கட்டுப்படாத சர்க்கரையும், உடம்பு முழுவதும் போகும்படி ஊசியாகவும் மாத்திரையாகவும் தரப்பட்ட ஸ்டீராய்டும் அதில் பெரிய காரணங்கள். மூக்கில் விடும் ஸ்ப்ரேயில் இருக்கும் அளவு மைக்ரோகிராம் கணக்கு, ரத்தத்தில் சேர்வது மிக மிகக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல. அதே சமயம், மூக்குக்குள் வளரும் சதை (பாலிப்) சுருங்குவதற்காகச் சில நாட்கள் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையை, நன்றாக இருக்கிறதே என்று பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது கூடவே கூடாது. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும்.

ஸ்ப்ரே விடும் முறையையும் சொல்கிறேன், இதைக் கற்றுக்கொடுக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். முதலில் மூக்கைக் கழுவுங்கள். தலையை அண்ணாந்து பார்க்காதீர்கள், லேசாகக் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. ஸ்ப்ரேயின் நுனி, இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கிற தண்டைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது மெதுவாக மூச்சை இழுங்கள், 'சர்ர்' என்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தண்டின் மேலேயே அடித்தால் அந்த இடம் புண்ணாகி ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியவர்களில் பலருக்குக் கையை மாற்றிப் பிடித்ததுமே தொல்லை தீர்ந்தது.

இதையெல்லாம் ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் செய்தும் தேறாவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் பற்றிப் பேசலாம். சிலருக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை, ஒரு பக்கம் மட்டும் ரத்தம் கலந்த சளி என்றால் உடனே ஸ்கோப் பார்த்துச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அது வேறு கட்டியாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றச் சளி என்றால் மேல் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். அந்த வேர்கள் கன்னத்து அறையின் தரையை ஒட்டி இருக்கின்றன, சொத்தைப் பல்லைச் சரிசெய்யாமல் எந்த சைனஸ் மருந்தும் கேட்காது. நம்முடையது போன்ற வெப்பநாடுகளில் பூஞ்சை ஒவ்வாமையால் வரும் ஒரு வகையும் உண்டு. அறைகளுக்குள் பசை மாதிரி பழுப்புச் சளி இறுகிக் கிடக்கும், எலும்பையே விரித்துக் கண்ணைத் தள்ளும். மாத்திரையால் அதைக் கரைக்க முடியாது, ஆபரேஷனில் சுத்தமாக எடுத்தாக வேண்டும். கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கடுமையான தலைவலி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தியேட்டரில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும் என்பதால் ஒன்று சொல்கிறேன். மற்ற ஆபரேஷன்களில் முகத்தைத் துணியால் மூடிவிடுவோம். இதில் இரண்டு கண்ணையும் திறந்தே விட்டிருப்போம். சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருப்பது காகிதம் போன்ற எலும்பு. சர்ஜன் திரையைப் பார்த்து வேலை செய்யும்போது, "சிஸ்டர், கண்ணைப் பார்த்துக்கிட்டே இருங்க" என்பார். கண் அசைகிறதா, இமை வீங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. இடையிடையே அவரே விரலால் கண்ணை லேசாக அழுத்தி உள்ளே ஏதாவது அசைகிறதா என்று திரையில் பார்ப்பார். எதிரில் விளக்குப் பெட்டியில் அந்த நோயாளியின் ஸ்கேன் தொங்கும். கண்ணுக்கோ மூளை உறைக்கோ பெரிய பாதிப்பு வருவது அபூர்வம், ஆனால் வரக்கூடியது. அதனால் ஸ்கேன் எடுக்காமல் ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு குனியும்போது ஒரு மூக்கில் தெளிந்த நீர் சொட்டினால் ஜலதோஷம் என்று இருந்துவிடாமல் உடனே திரும்பி வாருங்கள்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். இங்கே ஒரு மில்லில் வேலை பார்க்கும் பெண், முப்பது வயது தாண்டவில்லை. பஞ்சுத் தூசியிலேயே வளர்ந்தவள். இரண்டு மூக்கிலும் சதை, கூடவே வீசிங். வாசனை என்பதே மறந்துபோயிருந்தது, பால் திரிந்தது தெரியாமல் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள். கடன் வாங்கித் தனியாரில் ஆபரேஷன் செய்தார்கள். ஒரு மாதத்தில் வாசனை திரும்பியது. ரசம் தாளித்துவிட்டு அடுப்படியை விட்டு வரவே மனமில்லாமல் நின்றதாக என்னிடம் சொன்னாள். ஸ்ப்ரே தீர்ந்ததும், நன்றாகத்தானே இருக்கிறது என்று வாங்கவில்லை. அதன் விலை அவளுக்கு ஒரு நாள் கூலியை நெருங்கும். மறுபடி சதை, மறுபடி ஆபரேஷன், மறுபடி கடன். இரண்டாவது முறை டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஐந்து நாள் ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, ஸ்ப்ரே ஒரு மாதத்துக்கு, பிறகு வந்து காட்டவும். அவ்வளவுதான். எத்தனை வருடம் விட வேண்டும், எப்படி விட வேண்டும், உப்புநீர் ஏன் என்று ஒரு சொல் இல்லை. இருப்பதும் அவளுக்குப் படிக்கத் தெரியாத ஆங்கிலத்தில்.

அவளுக்கு எழுதியிருந்த வலி மாத்திரையும் எனக்குக் கவலை தந்தது. மூக்கில் சதை, ஆஸ்துமா இரண்டும் இருக்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் வகை மாத்திரை ஒத்துக்கொள்ளாது. விழுங்கிய சற்று நேரத்தில் மூச்சு இறுக்கிக்கொள்ளும். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் சதை அதிவேகமாகத் திரும்பவும் வளரும். மாத்திரை எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும், கேட்க நேரமில்லை என்கிறார்கள்.

இப்போது அவள் தினமும் காலையில் கழுவி, ஸ்ப்ரே விட்டு, மில்லில் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாள். ஸ்கோப்பில் சதை இல்லை. 2019-இல் அமெரிக்காவில் டூபிலுமாப் என்ற ஊசிக்கு மூக்குச் சதைக்காக அனுமதி கொடுத்தார்கள், அதன் பிறகு அதுபோல் வேறு சிலவும் வந்துவிட்டன. எதற்கும் அடங்காதவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் அதன் விலைக்கு எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று நிலத்தை விற்க வேண்டியிருக்கும். அந்த நிலைக்குப் போகாமல் காப்பாற்றுவது உப்பும் ஸ்ப்ரேயும்தான்.

அதனால் சுகாதாரத் துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எங்கள் தெருவிலேயே வாங்குகிறார்கள், மறக்காமல் சாப்பிடுகிறார்கள். மூக்குச் சதைக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் மாதம் ஒரு ஸ்டீராய்டு ஸ்ப்ரே அதே பையில் வரட்டும். ஆபரேஷனுக்குச் செலவழிக்கும் அரசும் காப்பீடும் அதைக் காப்பாற்றும் ஸ்ப்ரேக்குச் செலவழிக்கத் தயங்கக் கூடாது. ஒவ்வொரு காது மூக்கு தொண்டை வார்டிலும் டிஸ்சார்ஜ் அன்று ஒரு நர்ஸ் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, நோயாளியின் கையாலேயே கழுவ வைத்து, ஸ்ப்ரே விட வைத்து அனுப்ப வேண்டும். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும், இது நாங்கள் செய்ய வேண்டிய வேலைதான். ஆள் பற்றாக்குறை என்று அதை முதலில் வெட்டுகிறார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 'சைனஸுக்கு நிரந்தரத் தீர்வு' என்று வரும் விளம்பரங்களை, அது எந்த வைத்தியமுறையாக இருந்தாலும், வெளியிடும் முன் யோசியுங்கள். நொச்சி ஆவி பிடிப்பதையோ சுக்குப் பற்றையோ நான் குறை சொல்லவில்லை, இதமாக இருக்கும். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காதவரை சரி. ஒரே மருந்தில் வேரோடு போய்விடும் என்று நம்பி ஸ்ப்ரேயை நிறுத்துகிறவர்களைத்தான் நான் திண்ணையில் பார்க்கிறேன்.

கேள்வி கேட்ட வாசகிக்கு: ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன் உங்கள் மருத்துவரிடம், "எனக்குச் சதை இருக்கும் வகையா, இல்லாத வகையா? ஆபரேஷன் முடிந்தபின் எந்த ஸ்ப்ரே, எத்தனை காலம்?" என்று கேளுங்கள். பதிலைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
வேடசந்தூர், திண்டுக்கல் மாவட்டம்.